பந்தைப் பரணில் போடச் சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வகுப்பில் உங்களை எதிர்க்கேள்வி கேட்க நான் அதிகம் விட்டதில்லை. அந்தக் கடனை இங்கேயாவது தீர்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் காரைக்குடி பக்கத்தில் ஒரு சொந்தக்கார வீட்டில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தம்பி முறையாகிறவர் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்க டீச்சரா இருந்தவுக. நீங்க சொன்னா கேப்பான். எந்நேரமும் வாலிபால் வாலிபால்னு கிடக்கான். வர்ற வருசம் பத்தாவது. பந்தைத் தூக்கிப் பரண்ல போடுடான்னு நாலு வார்த்தை சொல்லுங்க."

பையன் ஒன்பதாவது படிக்கிறான். இப்போதே அப்பாவை விட உயரம். குறுவட்டப் போட்டியில் அவன் பள்ளி ஜெயித்திருக்கிறது, அடுத்த கட்டத்துக்கும் அவன் பெயர் போயிருக்கிறது. அவன் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான், "படிப்பும் முக்கியம்ல அப்பு" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று. முப்பது வருசத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவள், ஒரு பிள்ளை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டபோது மழுப்பிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். தம்பி, இது உனக்குத்தான். ஆனால் உனக்கு மட்டும் இல்லை. உன் பெயரை எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஜிம்மி ஜார்ஜ். உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் பேராவூர் என்று ஒரு மலையடிவார ஊர். அங்கே 1955 மார்ச் 8ஆம் தேதி பிறந்தவர். அவருடைய அப்பா ஜார்ஜ் ஜோசப் பல்கலைக்கழக அளவில் வாலிபால் ஆடியவர். பிள்ளைகளுக்குப் பந்தைத் தொடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அந்த வீட்டில் ஆண் பிள்ளைகள் எட்டுப் பேர். வாலிபாலுக்கு ஒரு பக்கம் ஆறு பேர் போதும். வெளியாள் யாரும் இல்லாமல் அண்ணன் தம்பிகளே ஓர் அணியாக நின்று ஆடியிருக்கிறார்கள்.

ஜிம்மி பதினாறு வயதில் கேரள மாநில அணிக்குப் போய்விட்டார். 1976ல், 21 வயதில் அர்ஜுனா விருது. வாலிபாலில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் அதை வாங்கியதில்லை. அதே 1976ல் மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேரளக் காவல்துறையில் சேர்ந்தார். காவல்துறை அணிக்குக் கடைசிவரை ஆடினார். 1974 டெஹ்ரான், 1978 பாங்காக், 1986 சியோல் என்று மூன்று ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்கு ஆடினார். நடுவில் அபுதாபியில் ஒரு கிளப்புக்கு ஆடினார். 1982ல் இத்தாலி போனார். ஐரோப்பாவில் வாலிபாலுக்குப் பெரிய இடம் இத்தாலி. அங்கே சம்பளம் வாங்கி ஆடிய முதல் இந்தியர் அவர்.

1986 சியோலில் இந்தியா ஜப்பானைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கியது. அப்போது நான் வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான். எங்கள் பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் வந்து நின்று, "ஜப்பானை ஜெயிச்சுட்டோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை. "நல்லது சார்" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் வாலிபாலில் இந்தியா ஒரு பதக்கம்கூட வாங்கியதில்லை.

அடுத்த வருசமே, 1987 நவம்பர் 30ஆம் தேதி, இத்தாலியில் கார் விபத்தில் ஜிம்மி ஜார்ஜ் இறந்துபோனார். வயது 32. செய்தி வந்த அன்று பி.டி. சார் மைதானத்தில் வலை கட்டவில்லை. பிள்ளைகள் கேட்டதற்கு, "இன்னைக்கு வேண்டாம்டா" என்று மட்டும் சொன்னார்.

திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. அது நம் நாடு, வைப்பார்கள். இத்தாலியில் மாண்டிகியாரி என்ற ஊரிலும் ஒரு விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மொழி வேறு, நிறம் வேறு. ஆனாலும் பேராவூர்ப் பையன் பெயரை அரங்கத்தின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பந்தைப் பரணில் போடச் சொல்கிறோம்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அன்றைக்கு முகப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்விகள்தான்.

"விளையாட்டு சோறு போடுமா?"

ஜிம்மி ஜார்ஜுக்குப் போட்டது. காவல்துறை வேலை, அபுதாபி, இத்தாலி எல்லாம் பந்து கொடுத்ததுதான். "அவர் லட்சத்தில் ஒருத்தர்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒருவர்கூட ராமானுஜன் ஆகவில்லை. அதற்காகக் கணக்குப் பாடம் வீண் என்று நீங்கள் யாராவது என்னிடம் வந்து சண்டை போட்டீர்களா? கணக்குக்கு ஒரு நியாயம், பந்துக்கு ஒரு நியாயமா?

வேலைதான் வேண்டும் என்றால் அதையும் சொல்கிறேன். ரயில்வே, காவல்துறை, ராணுவம், வங்கி என்று விளையாட்டுக்காரர்களை எடுக்கிற இடங்கள் எப்போதும் இருந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. சியோலில் வெண்கலம் வாங்கிய அந்த அணியில் பி.வி. ரமணா என்று ஒருவர் ஆடினார். ரயில்வே ஊழியர். அவர் மனைவி விஜயாவும் வாலிபால் வீராங்கனை. அவர்கள் மகளை உங்களுக்கெல்லாம் தெரியும். பி.வி. சிந்து. ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். மகள் எடுத்தது பேட்மிண்டன் மட்டை. ஆனால் விடிகாலையில் எழுந்து மைதானத்துக்குப் போவது அந்த வீட்டில் பழகிப்போன காரியம். அப்படியொரு வீட்டில் பிறந்த பெண் அவள்.

ஜிம்மி வீட்டிலும் அதே கதைதான். அண்ணன் ஜோஸ் ஜார்ஜும் இந்திய அணிக்கு ஆடியவர், காவல்துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். கடைசித் தம்பி பாபி ஜார்ஜ் மும்முறை தாண்டுதல் வீரர். அவர் பயிற்சி கொடுத்ததில்தான், 2003ல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் அஞ்சு நீளம் தாண்டி வெண்கலம் வாங்கினார். அஞ்சு பாபி ஜார்ஜ் என்ற பெயரில் வருகிற பாபி அவர்தான். ஒரு அப்பா சாயங்காலம் பிள்ளைகளோடு பந்து போட்டதில் எத்தனை வீட்டு விளக்கு எரிந்திருக்கிறது பாருங்கள்.

"அதெல்லாம் கேரளாக்காரனுக்கு. நமக்கு எங்கே?"

இது அதைவிடப் பெரிய பொய். அர்ஜுனா விருது தொடங்கிய முதல் வருடம் 1961. அந்த முதல் வருடமே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் பழனிசாமி, தமிழ்நாட்டுக்காரர். ஜி.இ. ஸ்ரீதரன் 1982ல் அர்ஜுனா வாங்கினார். பிறகு இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்து 2007ல் துரோணாச்சாரியார் விருதும் வாங்கினார். அவரும் நம்மவர்தான். இந்தப் பெயர்கள் உங்கள் காதில் விழாமல் போனதற்கு அவர்கள் பொறுப்பில்லை. ஐ.பி.எல். ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பது உங்கள் வீட்டில் ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது.

நம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் "மாபெரும் மின்னொளி கைப்பந்துப் போட்டி" என்று தட்டி வைக்காத ஊர் எத்தனை? கண்மாய்க்கரைப் பொட்டலில் இரண்டு கம்பை நட்டு விடிய விடிய ஆடுகிறார்களே, அவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. ஆடுகிற பிள்ளைக்கு நம் ஊரில் குறைச்சல் இல்லை. ஒன்பதாவது முடிந்ததும் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிற கைகள்தான் அதிகம்.

"படிப்பு கெட்டுப்போகும்."

தம்பி, உன் மகன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறான். அன்றைக்குப் பந்தி முடிந்து நாம் பேசிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் நீ போனைக் கீழே வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பந்தை வாங்கிப் பரணில் போட்டால் அந்த ஒரு மணி நேரம் புத்தகத்துக்குப் போகும் என்றா நினைக்கிறாய்? அதுவும் போனுக்குத்தான் போகும். வகுப்பறையில் இத்தனை வருசம் நின்றவள் சொல்கிறேன். மைதானத்தில் வேர்த்துவிட்டு வந்த பிள்ளை அடுத்த பீரியடில் தூங்கி நான் பார்த்தது குறைவு. ஆறு பீரியடும் உட்கார்ந்தே இருந்த பிள்ளைதான் ஏழாவதில் தூங்கும்.

ஜிம்மி மாதிரி டாக்டர் படிப்பை விட்டுவிடு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அது அவர் எடுத்த முடிவு, அதற்கான கை அவருக்கு இருந்தது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கட்டும், வேண்டாம் என்றா சொல்கிறேன்? மார்க்குக்காகப் பந்தைப் பிடுங்காதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

வாலிபாலில் ஒரு விதி உண்டு, தெரியுமா? பந்தை மூன்று தொடுதலுக்குள் எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை தொடக்கூடாது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இன்னொருவன் எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவன் தூக்கிப் போட வேண்டும், அப்புறம்தான் இவன் அடிக்க முடியும். தனியாகவே ஜெயித்துவிடலாம் என்று நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். பிறகு, வேலைக்குப் போன இடத்தில் நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று என்னிடமே வந்து புலம்புகிறோம்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பி.டி. மாஸ்டர். வில்லியம் மார்கன். அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்தவர். 1895ல், வேலை முடிந்து வருகிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று யோசித்துச் செய்தார். அதே ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி பக் 1920ல் சென்னையில் உடற்கல்விக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார். ஆசியாவிலேயே அந்த மாதிரிக் கல்லூரி அதுதான் முதல். நூறு வருசத்துக்கு முன்பே பி.டி. மாஸ்டர்களை உருவாக்கிய மாநிலம் நம்முடையது. அவர்களை நாம் எப்படி வைத்துக்கொண்டோம்?

இனிமேல் எழுதப் போவது என்னைப் பற்றி.

பி.டி. பீரியடைப் பிடுங்கியவர்களில் நானும் ஒருத்தி. பரீட்சை நெருங்கினால் பி.டி. சாரிடம் போய், "சார், போர்ஷன் முடியல, இன்னைக்குப் பீரியடை எனக்குக் குடுங்க" என்பேன். அவர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. பிள்ளைகள் "ஆ..." என்று முனகுவீர்கள். நான் ஸ்கேலால் மேஜையில் தட்டுவேன். ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பீரியடில் நான் நடத்திய பின்னக் கணக்கு உங்களில் ஒருவருக்காவது இன்று நினைவிருந்தால் சொல்லுங்கள். அவருடைய பீரியடை நாங்கள் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறோம். "என் பீரியடை எடுத்துக்கொண்டு ஆட விடுங்கள் சார்" என்று ஒரு நாளும் நான் கொடுத்ததில்லை.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. எட்டாவதில் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம். நல்ல உயரம், நீளமான கை. அவள் சர்வீஸ் போட்டால் பையன்களே எடுக்கத் திணறுவார்கள். பி.டி. சார் அவளைப் பெரிய போட்டிகளுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த வருசம் அவள் பெரிய மனுசி ஆனாள். அதோடு மைதானத்துக்கு வருவது நின்றது. சார் என்னிடம் வந்து, "நான் போய்ப் பேசினா நல்லா இருக்காது டீச்சர். நீங்க பொம்பள. அவுக அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

போனேன். அந்த அம்மா காபி கொடுத்து உட்கார வைத்துக் கேட்டார்கள்: "வயசுக்கு வந்த புள்ள, நாலு பேர் பார்க்க டவுசரைப் போட்டுக்கிட்டுக் குதிக்கிறது நல்லாவா இருக்கு? நீங்களே சொல்லுங்க டீச்சர்."

நான் சொன்னது, "நீங்க சொல்றதும் சரிதான்."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் பாதம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து சாரிடம், "அவுக ஒத்துக்கல சார்" என்று சொல்லிவிட்டேன். நான் கேட்கவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோது சாரும் இல்லை.

பல வருசம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை. நின்று அன்பாகத்தான் பேசினாள். கிளம்பும்போது, "பி.டி. சார் நல்லா இருக்காகளா டீச்சர்?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னவாகியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானித்திருக்க வேண்டியது பந்தும் அவளும். நானும் அவள் அம்மாவும் ஒரு காபி நேரத்தில் தீர்மானித்துவிட்டோம்.

அதனால்தான் அன்றைக்கு அந்தப் பையன் முன்னால் நான் மழுப்பியது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது தடவையும் அதே தப்பைச் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

அரசாங்கத்தையும் விடப் போவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009ல் வந்தது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், நூறு பிள்ளைக்கு மேல் படிக்கிற நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநிலத்தில் 2012ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை தடவை சென்னையில் போய் உட்கார்ந்தார்கள் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 5,000 ரூபாய்க்கு ஆளை வைத்துவிட்டு ஒலிம்பிக் பதக்கம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? 1964லிருந்து ஒலிம்பிக்கில் வாலிபால் இருக்கிறது. இந்தியா ஒரு தடவைகூட அங்கே போய் ஆடியதில்லை.

தனியார் பள்ளியில் லட்சம் லட்சமாகக் கட்டுகிற பெற்றோரே, சேர்க்கப் போகும்போது ஏ.சி. இருக்கிறதா, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வாலிபால் மைதானத்துக்குப் பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் போதும், சுற்றிலும் கொஞ்சம் ஓட இடம் வேண்டும். நம் பக்கத்து வீட்டு வளவுகளில் சிலவற்றின் நீளம்கூட இல்லை அது. அந்த இடமாவது இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டீர்களா?

என் பழைய மாணவர்களில் இன்றைக்கு ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பி.டி. பீரியடைக் கேட்டு வாங்காதீர்கள். போர்ஷன் முடியாவிட்டால் உங்கள் பாட நேரத்தில் முடியுங்கள். ஹெச்.எம். ஆக இருப்பவர்கள் ஆளில்லாத வகுப்புக்கெல்லாம் பி.டி. சாரை அனுப்பாதீர்கள், அவரை வெயிலில் நிற்க விடுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், வயசுக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது என்ற பேச்சை உங்கள் காலத்தோடு விடுங்கள். பேண்ட் போட்டு ஆடட்டும், அதில் என்ன குறைந்துபோகிறது?

கடைசியாகத் தம்பி, உனக்கு. மகனைத் திட்டாதே. அடுத்த போட்டி எப்போது என்று கேள். ஒரு நாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போய் ஓரமாக நின்று பார். அவன் அடிக்கிற அடியைப் பார்த்தபிறகும் பந்தைப் பரணில் போடு என்று உனக்குச் சொல்லத் தோன்றினால், என்னிடம் வா. மறுபடியும் பேசுவோம்.

அப்பு, நீ இதைப் படிப்பாயோ என்னவோ. அன்றைக்கு அத்தை சொன்னது பாதிதான். படிப்பும் முக்கியம். அடுத்த போட்டி எந்த ஊரில் என்று எனக்கும் சொல்லி அனுப்பு. நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்